யாழ்ப்பாணத்தில் நாய், பூனைக்கு வைத்தியர் தேடுவதும் செலவைச் சமாளிப்பதும்

யாழ்ப்பாணக் கிராமங்களில் மிருக வைத்தியரை இன்றும் ‘மாட்டு டொக்டர்’ என்றே பலர் அழைக்கிறார்கள். அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல. அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் பால்மாடும் ஆடும் கோழியும் வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்களுக்காகவே உருவானவை. செயற்கை முறைச் சினைப்படுத்தல், மாடுகளின் காலிலும் வாயிலும் வரும் கால்-வாய் நோய்க்கான தடுப்பூசி, கன்றுகளுக்குப் பூச்சி மருந்து ஆகியவையே அவற்றின் அன்றாட வேலை. நாயும் பூனையும் அந்த வாசலுக்கு வந்தது பிற்பாடுதான். நகரிலும் திருநெல்வேலி, கோண்டாவில் பக்கங்களிலும் ஜேர்மன் ஷெப்பேர்ட்டும் லாப்ரடோரும் பொமரேனியனும் வளர்க்கும் வீடுகள் பெருகிய அளவுக்கு, அவற்றைப் பார்க்கத் தெரிந்த வைத்தியரை முன்கூட்டியே தேடி வைக்கும் பழக்கம் எங்களிடம் இன்னும் பெருகவில்லை.

பெரும்பாலானோர் முதன்முதலாக வைத்தியரைத் தேடுவது நாய் இரண்டு நாள் சாப்பிடாமல் மூலையில் படுத்த பிறகுதான். அப்போது தெரிவு என்று ஒன்று இருப்பதில்லை. தொலைபேசியை எடுத்தவர் யாரோ அவரிடமே போகிறோம், அவர் சொன்ன தொகையைக் கடன் வாங்கியாவது கொடுக்கிறோம், அல்லது கொடுக்க முடியாமல் பாதியில் நிறுத்துகிறோம். ஆகவே இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்ப வலியுறுத்தப் போவது, வைத்தியரைப் பற்றிய தேடலும் காசைப் பற்றிய பேச்சும் பிராணி துள்ளித் திரியும் நாட்களிலேயே நடந்து முடிந்திருக்க வேண்டும் என்பதைத்தான்.

யார் வைத்தியர்

இலங்கையில் மிருக வைத்தியத் தொழில் 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஒழுங்குபடுத்தப்படுகிறது. தொழில் செய்பவர் மிருக வைத்திய சபையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். நாட்டில் மிருக வைத்தியப் பட்டம் வழங்கும் பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டுமே இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் விலங்கு விஞ்ஞானம் கற்பிக்கப்படுகிறது என்றாலும், அதைக் கற்றவர் விவசாயப் பட்டதாரியே தவிர மிருக வைத்தியர் அல்லர்.

இன்னொரு குழப்பமும் ஊரில் உண்டு. கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர்களையும் மக்கள் ‘டொக்டர்’ என்றே கூப்பிடுகிறார்கள். மாட்டுக்குச் சினைப்படுத்துவதிலும் ஆட்டுக் கொட்டிலைப் பராமரிப்பது பற்றி ஆலோசனை சொல்வதிலும் அவர்களுடைய அனுபவம் மதிப்புக்குரியது. ஆனால் நாய்க்கு மயக்க மருந்து கொடுத்துச் சத்திரசிகிச்சை செய்வது வேறு வேலை. ‘நீங்கள் பதிவு பெற்ற மிருக வைத்தியரா?’ என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. பதிவுள்ளவர் அக்கேள்விக்குக் கோபப்படமாட்டார்.

அரச வைத்தியரா தனியாரா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. அரச அலுவலகத்தில் கட்டணம் குறைவு; ஆனால் வைத்தியர் காலையில் பண்ணைகளுக்குப் போய்விடக்கூடும், மருந்தை வெளியில் வாங்க வேண்டியும் வரலாம். அரச சேவையில் உள்ள சிலர் கடமை நேரம் முடிந்த பின் மாலையில் தனியாகவும் பார்ப்பதால், உங்கள் பிரிவு அலுவலகத்தில் காலையில் ஒருமுறை அறிமுகமாகிக்கொண்டால் இரண்டு கதவுகள் ஒன்றாகத் திறக்கும். தடுப்பூசி, பூச்சி மருந்து, சிறு காயம் போன்றவற்றுக்கு அரச அலுவலகத்தையும், குருதிப் பரிசோதனை, எக்ஸ்ரே, சத்திரசிகிச்சை போன்றவற்றுக்கு வசதியுள்ள தனியார் கிளினிக்கையும் பயன்படுத்துவதே என் வழக்கம்.

நோயில்லாத நாளில் ஒரு வருகை

குட்டியை முதல் தடுப்பூசிக்குக் கொண்டுபோகும் நாளே வைத்தியரை நீங்கள் பரீட்சிக்கும் நாளும் ஆகும். அவர் பிராணியைத் தராசில் ஏற்றி நிறை பார்க்கிறாரா, பல் முரசின் நிறத்தைப் பார்க்கிறாரா, காய்ச்சல் அளக்கிறாரா, அல்லது மேசைக்கு அப்பால் நின்றபடியே ஊசியை எடுக்கிறாரா என்று கவனியுங்கள். ஏறக்குறைய எல்லா மருந்துகளின் அளவும் நிறையைக் கொண்டே கணிக்கப்படுவதால், நிறை பார்க்காத இடத்தில் அளவு ஊகத்தில்தான் போகிறது.

தடுப்பூசி மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்குள் இருக்க வேண்டும். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்ற காலத்தை நாங்கள் மறக்கவில்லை. மின்சாரம் நின்றால் ஊசி மருந்தை எப்படிப் பாதுகாக்கிறார்கள் என்று அப்போது கேட்கத் தொடங்கியவன் இப்போதும் கேட்கிறேன். பழுதான தடுப்பூசி வெளிப்பார்வைக்கு நல்லதைப் போலவே இருக்கும். குட்டி நோயில் விழும் வரை அது தெரியவராது.

எழுத்து மூலமான பதிவு தருவதையும் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் நாய்க்கு ஓரிடத்தில் மூன்று நாள் தொடர்ந்து ஊசி போட்டார்கள். என்ன ஊசி என்று எழுதித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. குணமாகாமல் வேறொரு வைத்தியரிடம் போனபோது, ஏற்கெனவே போனது எந்த நுண்ணுயிர் எதிரி என்று தெரியாததால் அவர் பரிசோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஒரே நோய்க்கு இரண்டு தடவை காசு கட்டினேன். அன்றிலிருந்து மருந்தின் பெயர், அளவு, திகதி, நிறை ஆகிய நான்கும் எழுதப்படாமல் வாசலைக் கடப்பதில்லை. பழைய கொப்பி ஒன்று போதும்.

தூரத்தையும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். நல்லூர்த் திருவிழா நடக்கும் இருபத்தைந்து நாட்களும் கோயிலைச் சூழ்ந்த வீதிகள் மூடப்பட்டிருக்கும் என்பதை மறந்து, அந்தப் பக்கக் கிளினிக் ஒன்றுக்குப் பூனைப் பெட்டியோடு ஓட்டோவில் சுற்றியவர்களை எனக்குத் தெரியும். நெடுந்தீவில் உள்ளவர்களுக்குக் குறிகட்டுவானுக்கு வரும் படகின் நேரமே வைத்தியத்தின் நேரமும் ஆகிறது. அவர்கள் தொலைபேசியிலாவது ஆலோசனை சொல்லச் சம்மதிக்கும் வைத்தியர் ஒருவரை முன்கூட்டியே பழக்கப்படுத்திக்கொள்வது அவசியம். இரவில் அழைத்தால் யார் எடுப்பார், அவர் ஊரில் இல்லாவிட்டால் யாரிடம் போகச் சொல்வார், தன்னால் இயலாததை எங்கே அனுப்புவார் என்ற மூன்றையும் நேரில் கேட்டு வையுங்கள். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் வரும் விடை கண்டிக்கு அருகிலுள்ள பேராதனைப் போதனா மிருக வைத்தியசாலை. கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதி மட்டும் 321 கிலோமீற்றர்; வான் வாடகை பல வேளைகளில் சிகிச்சைக் கட்டணத்தையே மிஞ்சிவிடும் என்பதால், போவதற்கு முன் இங்கே எடுத்த எக்ஸ்ரேயும் குருதி அறிக்கையும் கையில் இருக்க வேண்டும்.

காசைப் பற்றிப் பேசுதல்

வைத்தியரிடம் காசு பேசுவது மரியாதையில்லை என்ற எண்ணம் எங்களுக்குள் ஊறிப்போயிருக்கிறது. மீன் சந்தையில் பாரைக்கு விலை பேசத் தயங்காதவர், நாயின் வயிற்று ஸ்கானுக்கு எவ்வளவு என்று கேட்கக் கூசுகிறார். விளைவு என்னவென்றால், வைத்தியர் தன் போக்கில் எல்லாப் பரிசோதனைகளையும் எழுதுகிறார், நாம் தலையாட்டிவிட்டு அடுத்த நாள் வராமல் விடுகிறோம். பாதியில் விட்ட வைத்தியமே எல்லாவற்றிலும் விலை கூடிய வைத்தியம்.

நான் பரிந்துரைக்கும் வாசகம் எளிமையானது: “டொக்டர், எங்களிட்ட இப்ப இவ்வளவு காசுதான் இருக்கு. இதுக்குள்ள எதை முதல் செய்யலாம்?” இதைக் கேட்டவுடன் பல வைத்தியர்களின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிவதைக் கண்டிருக்கிறேன். எந்தப் பரிசோதனையின் முடிவு சிகிச்சையை மாற்றும், எது வெறும் உறுதிப்படுத்தலுக்கு, எதை இரண்டு நாள் பொறுத்துச் செய்யலாம் என்று அவர் பிரித்துச் சொல்வார். பரிசோதனை எதுவும் வேண்டாம் என்று நாமாகத் தீர்மானிப்பது வேறு, அது சிக்கனமல்ல. உதாரணமாக, உண்ணிக் காய்ச்சல் என்று சந்தேகிக்கும்போது ஒரு துளிக் குருதியைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்ப்பது செலவு குறைந்த பரிசோதனை. உண்ணிக் காய்ச்சல் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது உண்மையில் ஒரே நோயல்ல. உண்ணி பரப்பும் பபீசியா, எர்லிக்கியா என்ற இரண்டு கிருமிகளுக்கும் மருந்து வேறு வேறு. பிரித்தறியாமல் தொடங்கினால் பிழையான மருந்துக்குக் காசு போகும்.

எர்லிக்கியாவுக்கு வழக்கமாக எழுதப்படும் டொக்சிசைக்கிளின் மனிதர்களுக்கும் பாவிக்கும் மருந்துதான். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு அரச மருந்தகமான ஒசுசலவிலோ வேறு பாமசியிலோ எடுத்தால் செலவு குறையக்கூடும். மலிவான பொதுப்பெயர் மருந்து இருக்கிறதா என்று வைத்தியரிடமே கேளுங்கள். ஆனால் அதை 28 நாள் கொடுக்க வேண்டும். ஐந்தாம் நாள் நாய் வாலை ஆட்டிக்கொண்டு சோறு கேட்டவுடன் மாத்திரையை நிறுத்துபவர்கள் இரண்டு மாதத்தில் திரும்பவும் வைத்தியர் வாசலில் நிற்கிறார்கள். வெறும் வயிற்றில் கொடுக்காமல் சாப்பாட்டோடு கொடுத்து, பின் தண்ணீர் குடிக்க வைப்பது நல்லது.

இதிலிருந்து, வீட்டு அலுமாரியில் உள்ள எந்த மருந்தையும் கொடுக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. பனடோல் ஒரே மாத்திரை பூனையைக் கொல்லும். டைக்குளோபினாக், இபுபுரூபன் போன்ற நோ மாத்திரைகள் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் பழுதாக்கும். நாய்க்கென்று விற்கும் சில உண்ணி மருந்துகளில் உள்ள பெர்மெத்திரின் பூனைக்கு நஞ்சு. பத்து ரூபாவை மிச்சம்பிடிக்கப் போய் ஒரு கிழமை சேலைன் ஏற்ற வேண்டி வந்த வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு உண்டு.

2022இல் ரூபாவின் பெறுமதி விழுந்தபோது இறக்குமதி மருந்துகளின் விலை ஏறியதை எல்லோரும் அனுபவித்தோம். வைத்தியரின் பற்றுச்சீட்டில் பெரும் பகுதி மருந்தின் விலையே என்பதை அறிந்தால், ‘டொக்டர் கொள்ளை அடிக்கிறார்’ என்ற பேச்சு சற்றுக் குறையும். ஆனாலும் வைத்தியக் கட்டணம், மருந்து, பரிசோதனை ஆகியவற்றைப் பிரித்து எழுதிய சீட்டைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளைகள் காசு அனுப்பும் வீடுகளில் இது இன்னும் அவசியம். நாயை ஆசையோடு வாங்கித் தந்துவிட்டு விமானம் ஏறிய பிள்ளைக்கு, அது மாதம் என்ன சாப்பிடுகிறது, எதற்குச் செலவாகிறது என்பது சீட்டைப் பார்த்தால்தான் விளங்கும். வயதான பெற்றோர் அதைச் சொல்லக் கூச்சப்பட்டுத் தங்கள் மருந்துக் காசிலிருந்து எடுத்துக் கொடுப்பதை நான் கண்டிருக்கிறேன்.

வருமுன் காப்பதன் கணக்கு

முதலில் இலவசமாகக் கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். விசர்நாய்க்கடி நோய்க்கு எதிரான தடுப்பூசி சுகாதாரத் துறையினால் நாய்களுக்கு இலவசமாக ஏற்றப்படுகிறது. உங்கள் பகுதிக்கு எப்போது வருகிறார்கள் என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்டறியலாம். ஊசி ஏற்றியதைக் காட்டும் அட்டையைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் நாய் யாரையாவது கடித்தால், கடிபட்டவருக்கு என்ன சிகிச்சை என்று தீர்மானிக்கும்போது வைத்தியர் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான். கடித்த நாயைக் கட்டி வைத்து 14 நாள் அவதானிப்பார்கள். கடிபட்டவர் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நோய்க்குறி தோன்றிய பின் அந்த நோயிலிருந்து தப்புவது ஏறக்குறைய இல்லை.

நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசிக்குக் காசு கட்ட வேண்டும். இதை ஆறு முதல் எட்டுக் கிழமையில் தொடங்கி, மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை, குட்டிக்குப் பதினாறு கிழமை ஆகும் வரை ஏற்ற வேண்டும். கடைசி ஊசியைத் தவிர்த்துக் காசை மிச்சம்பிடிப்பவர்கள் அதிகம். தாய்ப்பால் வழியாக வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும் வரை அது தடுப்பூசியையும் மழுங்கச் செய்யும். அது எப்போது வடியும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடுவதால்தான் கடைசி ஊசி தேவைப்படுகிறது. பார்வோவில் ஒரு குட்டி இறந்த வளவில் அந்த வைரசு மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும். தடுப்பூசி முடியாத இன்னொரு குட்டியை உடனே அங்கே கொண்டுவந்தால் இரண்டாவதையும் இழப்பீர்கள்.

உண்ணியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும், ஏனெனில் எங்கள் நாய்களின் வைத்தியச் செலவில் பெரும் பங்கு அதன் பெயரில்தான் போகிறது. நாயில் நாம் காணும் உண்ணி ஒரு பகுதி மட்டுமே; மிகுதி மதில் வெடிப்பிலும் நாய்க்கூட்டுப் பலகை இடுக்கிலும் பழைய சாக்கிலும் இருக்கிறது. பெண் உண்ணி நாயிலிருந்து இறங்கி அங்கேதான் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாய்க்கு மட்டும் மருந்து போட்டுக் கூட்டை விட்டுவிட்டால் வேலை முடியாது. மாதம் ஒருமுறை கொடுக்கும் மாத்திரையும் பன்னிரண்டு கிழமைக்கு ஒருமுறை கொடுக்கும் மாத்திரையும் கிடைக்கின்றன. முதலில் பார்க்கும்போது விலை கூடுதலாகத் தோன்றும். அதை ஒரு உண்ணிக் காய்ச்சல் வைத்தியத்தின் மொத்தச் சீட்டோடு வைத்துப் பாருங்கள், பிறகு தீர்மானியுங்கள். பெரிய நாயின் மாத்திரையை வாங்கி இரண்டு சிறு நாய்களுக்குப் பாதி பாதியாகக் கொடுக்கும் தந்திரம் வேண்டாம். மருந்து மாத்திரை முழுவதும் சமனாகப் பரவியிருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. வெங்காயத்துக்கு அடிக்கும் பூச்சிகொல்லியைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டுவது அதைவிட மோசம். வாயில் நுரையும் உடல் நடுக்கமும் வந்து சில மணித்தியாலத்தில் நாய் செத்துவிடும்.

ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை வெள்ளம் நிற்கும் காலத்தில் எலிக்காய்ச்சலும் சேர்ந்துகொள்ளும். 2024 மார்கழியில் அது யாழ்ப்பாணத்தில் மனித உயிர்களையே பலி கொண்டது. நாய்க்கும் அந்நோய் வரும், நாயின் சிறுநீர் வழியாக வீட்டாருக்கும் தொற்றலாம். நீங்கள் ஏற்றும் கூட்டுத் தடுப்பூசியில் அதற்கான பகுதி அடங்கியிருக்கிறதா என்று கேளுங்கள், வருடாந்த ஊசியை மழைக்கு முன்னரே ஏற்றிவிடுங்கள்.

பெண் நாய்க்குக் கருத்தடை செய்வதைப் பாவம் என்று தயங்குபவர்களோடு நான் வாதாடுவதில்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன். கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு வயது ஏறும்போது கருப்பையில் சீழ் கட்டும் நோய் வரக்கூடும். பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் அதிகம் தண்ணீர் குடித்து, சாப்பாட்டை வெறுத்து, பின்புறம் கசிவு தெரிந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் அதே கருப்பையை எடுக்கும் சத்திரசிகிச்சைதான் செய்வார்கள், ஆனால் நலிந்த உடலில், அவசரமாக, பல மடங்கு செலவில். உள்ளூராட்சி சபைகளும் விலங்கு நலத் தொண்டர்களும் காலத்துக்குக் காலம் குறைந்த செலவில் கருத்தடை முகாம் நடத்துவதுண்டு. பிரதேச சபையில் விசாரித்து வையுங்கள்.

கையிருப்பு

நாளுக்கு 50 ரூபாவை ஒரு தகரப் பேணியில் போட்டால் வருடத்துக்கு 18,250 ரூபா சேரும். நாய் நோயில்லாமல் இருந்தால் அது அடுத்த வருடத்துக்குப் போகும். எங்கள் ஒழுங்கையில் நாய் வளர்க்கும் ஐந்து வீட்டார் சிறு சீட்டு ஒன்று பிடிக்கிறார்கள். யாருடைய பிராணிக்காவது சத்திரசிகிச்சை வந்தால் அந்த மாதச் சீட்டை அவருக்கு விட்டுக்கொடுப்பது என்று பேசி வைத்திருக்கிறார்கள். தடுப்பூசிக்கு எல்லோரும் ஒரே நாளில் வைத்தியரை வீட்டுக்கு அழைத்தால் அவருடைய போக்குவரத்துச் செலவும் பங்குபட்டுப் போகிறது.

ஆனால் காசு சேரும் வரை காத்திருக்கக் கூடாத வேளைகள் சில உண்டு. ஆண் பூனை மண்பெட்டியில் திரும்பத் திரும்பக் குந்தியும் சிறுநீர் போகாவிட்டால் அன்றைக்கே காட்ட வேண்டும். ஒன்றிரண்டு நாளில் அது இறந்துவிடும். பெரிய நாயின் வயிறு திடீரென உப்பி, வாந்தி வராமல் ஓங்காளித்தால் மணித்தியாலக் கணக்கே உள்ளது. பாம்புக்கடியும் அப்படித்தான். சுருட்டைக்கும் புடையனுக்கும் நாகத்துக்கும் யாழ்ப்பாணத்து வளவுகளில் குறைவில்லை. விஷக்கல் வைப்பதிலும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதிலும் நேரத்தைக் கழிக்காமல், விஷமுறிவு மருந்து எந்தக் கிளினிக்கில் இருக்கும் என்பதை முன்னரே கேட்டு, அதன் தொலைபேசி இலக்கத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைக்க வேண்டும். அது இந்தியாவிலிருந்து வரும் விலை கூடிய மருந்து. எத்தனை குப்பி தேவைப்படலாம், ஒரு குப்பி என்ன விலை என்று நோயில்லாத நாளில் கேட்டறிந்தவருக்கே அந்த இரவில் தீர்மானிக்கும் தெளிவு இருக்கும்.

சில வேளைகளில் எந்தத் தொகையும் உதவாது. சிகிச்சையால் இன்னும் எவ்வளவு காலம், எந்த நிலையில் அது வாழும் என்று வைத்தியரிடம் நேரடியாகக் கேளுங்கள். வலியில்லாமல் அனுப்பிவைப்பதும் அவர் செய்யும் வைத்தியத்தில் ஒன்றுதான், அதற்கும் என்ன கட்டணம் என்று கேட்பதில் குற்றமில்லை. வளவுக்குள் புதைப்பதாயின் ஆழமாகக் கிண்டி, கிணற்றிலிருந்து தள்ளிப் புதையுங்கள். எங்கள் சுண்ணாம்புக் கல் நிலத்தில் மேலே ஊறுவது விரைவாகவே குடிக்கும் தண்ணீரில் சேர்ந்துவிடும்.